கிளட்சில் நின்ற ஐப்பசி

பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் உட்கார இடம் பார்ப்பார்கள். நான் டிரைவரின் இடது காலைப் பார்ப்பேன். பெடல் தரை வரைக்கும் இறங்குகிறதா, பாதியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இடம் தேடத் தோன்றும். தாராபுரத்தில் பஞ்சாலை, கரூரில் கொசுவலை, ஆந்திரத்தில் மிளகாய்க் காடு, மூணாறுக்கு மேலே ஏலத்தோட்டம் என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவள் நான். ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதிலும் பாதிதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மீதியை ஒரு பழைய டிராக்டரின் கிளட்ச் பெடல் மேல் நின்று கழித்தேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டைக்குப் போகிற பக்கம். தார்ச்சாலையை விட்டுச் செம்மண் தடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஒரு மாதா கோயில், அதையொட்டிப் பள்ளிக்கூடம், எதிரே ஒரு மளிகைக்கடை. அந்தக் கடையில் இருந்த போன்தான் அப்போது ஊருக்கே போன்.

அப்பா வாங்கும்போதே அந்த டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். சிவப்பு வண்டி என்று சொல்லி வாங்கினார். வெயிலில் நின்று நின்று அது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. உழவு மாடுகளை விற்று, அம்மாவின் கழுத்தில் கிடந்ததையும் விற்று வாங்கியது. ஆகையால் வண்டி நின்றுபோனால் ஏரில் பூட்ட மாடு கிடையாது. எங்கள் காட்டை உழுதது போக, ஊரார் காட்டில் வாடகைக்கு உழுதுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வண்டியின் சீட்டில் அப்பாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. முந்தைய சொந்தக்காரரிடம் இருந்தபோது யாரோ ஓட்டத் தெரியாதவன் ஏறிக் கிணற்று மேட்டில் மோதிவிட்டானாம். அந்தச் சொட்டை முன்பக்கத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அப்பா சீட்டை யாருக்கும் விடமாட்டார். வண்டி வந்த புதிதில் பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வந்தார். தெளித்து முடித்ததும் ஏறி உட்கார்ந்து பார்க்க அவருக்கு ஆசை. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, “சாமி, மக்காடு நல்லா அகலமா இருக்கும், அதுல ஒக்காருங்க” என்று சக்கரத்தின் மேலிருந்த தகரத்தைக் காட்டினார். சாமியாரும் சிரித்துக்கொண்டே அதில்தான் உட்கார்ந்தார். “எங்கண்ணன் சொத்த எழுதிக் குடுத்தாலும் குடுக்கும், சீட்டக் குடுக்காது” என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த வருஷம் ஆவணியில் மாதா கோயில் திருவிழா. சப்பரத்துக்குப் பின்னால் நடந்துபோன அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

“இன்னொன்ன யாருக்குக் காணிக்க போட்டீங்க?” என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை நான் நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்பு.

புரட்டாசியில் உழவு தொடங்கியதும் வண்டி கத்த ஆரம்பித்தது. கியர் மாற்றும்போது ‘கர்ர்ர்’ என்று பல்லோடு பல் உரசுகிற சத்தம். எங்கள் பக்கத்துக் காடுகள் சின்னச் சின்னத் துண்டுகள். வரப்போரம் வந்தால் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். திருப்புகிற ஒவ்வொரு தடவையும் கியர் மாற வேண்டும், மாறும்போதெல்லாம் அந்த அலறல். காலையில் சத்தம் இருக்காது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். உச்சி நேரத்தில் கியர் விழவே விழாமல் வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, கியரைப் போட்டு, மறுபடி கிளப்பித்தான் வருவார்.

“என்ன அப்பு, உழுக வந்தியா, மாவரைக்க வந்தியா?” என்று காட்டுக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள்.

பேகம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக் பாய் வந்து பார்த்தார். மொபெட்டின் முன்னால் ஒரு சாக்குப்பை நிறைய ஸ்பேனர். பேச்சு குறைவு, கை சுத்தம். வண்டியின் அடியில் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, “மிதிங்க” என்பார். அப்பா மேலிருந்து மிதிப்பார். “மிதிச்சாச்சா?” “ஆச்சு பாய்.” “விடுங்க.” இப்படியே வெகுநேரம் போயிற்று. பெடலில் இருக்க வேண்டிய ஆட்டத்தைக் கம்பியில் திருகிச் சரிசெய்தார். சத்தம் போகவில்லை. பெரிய கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளட்சை விடச் சொன்னார். இன்ஜின் பொட்டென்று அணைந்தது.

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததைக் கேட்க வெட்கப்படமாட்டாள்.

“அணைஞ்சு போச்சே பாய், அது நல்லதா கெட்டதா?”

“நல்லதுதாம்மா. பிளேட்டு நல்லாப் புடிக்கிது. புடிக்காம வழுக்குனா இன்ஜின் அணையாது, சும்மா உறுமும்.”

“அப்பறம் ஏன் கத்துது?”

“புடிச்சத விடமாட்டேங்கிது. கிளச்ச மிதிச்சா இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனியாப் பிரியணும். பிரியாம சுத்திக்கிட்டே இருந்தா பல்லு எப்பிடிப் பல்லுல விழும்?”

“கியரு நல்லாருக்கா?”

“இன்ஜின அணச்சுட்டுப் போட்டா நல்லா விழுதுல்ல? அதுல குத்தமில்ல. உள்ள பேரிங்கு தேஞ்சிருக்கணும், இல்ல பிளேட்டு சூட்டுல கோணிருக்கணும். சூடாகத்தானே கத்துது. வண்டிய ரெண்டாப் பிளந்துதான் பாக்கணும்.”

ரெண்டாகப் பிளப்பது என்றால் உண்மையாகவே பிளப்பதுதான். முன்பாதியை ஒரு பக்கம், பின்பாதியை ஒரு பக்கம் என்று முட்டுக்கொடுத்து இழுத்து நிறுத்த வேண்டும். அதற்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். உழவு நாளாகையால் அங்கே முன்னாலேயே வண்டிகள் நின்றன. ஐப்பசி பாதிக்கு மேல் ஆகிவிடும் என்றார் பாய். அதற்குள் மழை பெய்து, நிலம் ஈரம் குடித்து, அந்த ஈரமும் காய்ந்துபோகும். ஈரத்தில் விதை போடாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சோளமும் இல்லை, கடலையும் இல்லை.

“கொஞ்ச நாள் பொறுங்க பாய்” என்றாள் அம்மா. “நான் சொல்லிவிடுறேன்.”

பாய் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டார். அவர் சீட்டில் ஏறவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி அவருக்கும் தெரிந்திருந்தது. வண்டிக்காரர் மேலே இருக்கும்போது அவரை இறங்கு என்று சொல்கிற ஆளும் அவர் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் வெளுத்தது. அன்று காலையிலேயே சித்தப்பா வந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒருவர் பழைய வண்டி தேடுகிறாராம். கோளாறு வண்டியானாலும் பரவாயில்லை, புதன்கிழமை வந்து பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுவாராம்.

“பிளந்து பாத்து, உள்ள என்னென்ன போயிருக்கோ! பேசாமத் தள்ளிவிட்ரலாம்ணே. வெதப்புக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம்.”

“குடுத்திரலாம்” என்றார் அப்பா.

சாமியாருக்கே சீட்டு கொடுக்காதவர், வண்டியையே கொடுத்துவிடலாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவே கொஞ்சம் திகைத்துப்போனார். அம்மா முறத்திலிருந்த கடலையைப் புடைப்பதை நிறுத்தவில்லை.

“புதங்கெழமைதானே வாராரு?” என்றாள். “இன்னிக்குச் சனி. அதுக்குள்ள பாத்துருவோம்.”

“என்னத்த மதினி பாப்பீங்க? பேகம்பூர் பாய்க்கே புடிபடல.”

“அவரு வந்தது ஒரு நாளு. வண்டி கெடக்குறது எங்கூட.”

திங்கட்கிழமை காலை, அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மக்காடில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் பின்னால் தொற்றிக்கொண்டேன். தெருவில் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“என்ன மதினி, சவாரி வேளாங்கண்ணிக்கா?”

“ஆமா, வாரியா? இந்தப் பக்கத்து மக்காடு சும்மாதான் இருக்கு.”

அப்பாவுக்குக் கூச்சம். முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினார். எங்கள் காட்டில் கொத்துக் கலப்பையை இறக்கினார். முதலில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வரப்போரம் வந்தால் கிளட்சை மிதிப்பார், கியர் சத்தமில்லாமல் விழும், பின்னுக்கு எடுத்துத் திருப்புவார். அம்மா பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கண் ஒரு தடவை கியர்க் கம்பியில் இருக்கும், ஒரு தடவை புகைக்குழாயில், ஒரு தடவை கீழே. காடு பாதி முடிவதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. உச்சி நேரத்தில் கியர் விழாமல் வண்டி நின்றது. “பாத்தியா?” என்பதுபோல் அப்பா அம்மாவைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா செய்ததுதான் ஊரில் வெகுநாள் பேச்சாக இருந்தது. வண்டியைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிடச் சொன்னாள். உழ வேண்டாம். ஓடிக்கொண்டே நிற்கட்டும். அப்பா இறங்கி மரத்தடியில் படுத்துக்கொள்ள வேண்டும்.

“டீசல் என்ன கெணத்துத் தண்ணியா?” என்று அப்பா கத்தினார்.

“வண்டி போனா டீசல வச்சு என்ன பண்ணப் போறீங்க? படுங்க.”

அப்பா படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். அந்த நாட்களில் அவர் எங்கே சாய்ந்தாலும் தூங்கினார். எழுந்தால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். வண்டி மரத்தடியில் சும்மா நின்று தடதடத்துக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, “என்னத்தா, வண்டிக்குக் காச்சலா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா இன்ஜின் பக்கத்தில் கையை நீட்டி நீட்டிச் சூடு பார்த்தாள். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பாளே, அப்படி. கிட்டே கையைக் கொண்டுபோக முடியாத அளவு காய்ந்ததும் அப்பாவை எழுப்பினாள்.

“இப்பக் கியரப் போடுங்க.”

தூக்கக் கலக்கத்தோடு அப்பா ஏறினார். மிதித்தார், போட்டார். சத்தமே இல்லை. பின்கியர் போட்டார், அதுவும் விழுந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. “என்ன, சரியாப் போச்சு?” என்றார்.

அம்மாவின் முகம் மலரவில்லை. “சூட்டுனால இல்ல” என்று மட்டும் சொன்னாள். அதை எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. “உழுகுங்க” என்றாள்.

மறுபடி உழுதார். மறுபடியும் முதலில் நன்றாக, பிறகு கொஞ்சமாக, பிறகு கர்ர்ர். அம்மா இப்போது கியரையோ புகையையோ பார்க்கவில்லை. மக்காடிலிருந்து குனிந்து அப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது விளங்கவில்லை. கியர் இருப்பது ஒரு பக்கம், சத்தம் வருவது ஒரு பக்கம், இவள் காலைப் பார்த்துக்கொண்டு வருகிறாளே என்றிருந்தது.

வடக்கு வரப்பில் கியர் விழாமல் வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“மிதிங்க” என்றாள் அம்மா.

“மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“பூராவும் மிதிங்க.”

“பூராவும் மிதிச்சாச்சுங்கிறேன்ல!” அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய்க்கோபம் இல்லை. அவர் முழுதாக மிதித்துவிட்டதாகத்தான் நம்பினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏபுள்ள, முன்னால வா.”

“அப்பா சீட்டுல விடமாட்டாரும்மா.”

“சீட்டுல ஒக்காரச் சொல்லல. இந்தப் பெடல்ல ஏறி நில்லு. ரெண்டு காலும் வச்சு நில்லு.”

அப்பாவின் கால் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் ஒரு காலை வைத்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டார். இரண்டு காலையும் வைத்து ஏறி, மக்காடின் கம்பியை இறுக்கிப் பிடித்து, என்னையே கீழே இழுத்துக்கொண்டேன். பெடல் முரண்டு பிடித்தது. உதடு கடித்து அழுத்தினேன். அது இறங்கியது. இறங்கி, அதற்கு மேல் இறங்க இடமில்லாமல் தட்டையாக நின்றது.

“இப்பப் போடுங்க” என்றாள் அம்மா.

அப்பா கியர்க் கம்பியைத் தள்ளினார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

“எடுத்துட்டு வேற போடுங்க.” அதுவும் விழுந்தது. இன்னொன்று. அதுவும். நான் பெடல் மேல் நின்றபடியே கூவினேன். வண்டியைக் குணப்படுத்தியது நான்தான். பேகம்பூர் பாய்க்குப் பிடிபடாதது என் காலுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “அடி ஆத்தாடி!” என்றார்.

அப்போது அம்மா கீழே குனிந்தாள். சும்மா கிடந்த அப்பாவின் இடது கால் பெருவிரலை நகத்தால் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். விரல் வெளுத்து, பிறகு நகம் பதிந்த இடம் பிறை மாதிரி சிவந்ததை நான் பார்த்தேன். அப்பா இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் விளையாடி நான் பார்த்ததே இல்லை. அதனால் எனக்குச் சந்தோஷம் இன்னும் கூடிப்போயிற்று.

அம்மா நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எம்புட்டு நாளா?” என்றாள்.

அப்பா என்ன என்பதுபோல் பார்த்தார். அவள் அவர் காலைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். செருப்புக்குப் பார்த்த அதே பார்வை. பெருவிரலைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

“மிதிக்க மிதிக்க மதமதன்னு ஆயிரும். நடந்தாச் சரியாப் போயிரும்னு இருந்தேன்” என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதிக் காடு உழுதும் பாதிக் காடு உழாமலும் கிடந்தது. உழாத பக்கத்தில் மேல்மண் வெளிற ஆரம்பித்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பெடலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“காலப் பாத்து மிதிச்சா எறங்குதா?”

அப்பா மிதித்துப் பார்த்தார். கண்ணால் பார்த்து அழுத்தினால் பெடல் கடைசிவரைக்கும் இறங்கத்தான் செய்தது. ஆனால் காலைப் பார்த்துக்கொண்டு வரப்பைப் பார்க்க முடியாது. இரண்டு தடவை பார்த்தார், மூன்றாம் தடவை கலப்பை பக்கத்துக் காட்டு வரப்பில் ஏறிவிட்டது. நிறுத்தினார்.

“வெதப்பு முடியட்டும்” என்றாள் அம்மா. “முடிஞ்ச மறுநா டாக்டர்கிட்ட போறோம். அது வரைக்கும் இவ நிக்கட்டும்.”

“பொட்டப்புள்ளய வண்டில நிக்கவச்சா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா வந்து வெதக்கப் போகுது?”

மறுநாள் புதன்கிழமை. சித்தப்பா ஒட்டன்சத்திரத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் மஞ்சள்பை. வரப்பில் நின்று வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். நாங்கள் நாலு தடவை போய் வந்தோம். அப்பா “மிதி” என்றால் நான் ஏறுவேன், “விடு” என்றால் மெதுவாக இறங்குவேன். ஒரு சத்தமும் இல்லை.

“ஏனுங்க, கியர் அலறுதுன்னு சொன்னீங்க?” என்று அவர் சித்தப்பாவைக் கேட்டார். “எனக்கொன்னும் கேக்கலீங்களே.”

சித்தப்பா விழித்தார். “நேத்து வரைக்கும் ஊரே காதப் பொத்துச்சுங்க.”

பக்கத்தில் வந்து பார்த்த பிறகுதான் அவர் என்னைக் கவனித்தார். “இதென்னங்க, கிளச்சுக்குன்னு தனியா ஒரு ஆளுங்களா? நாங் கேள்விப்பட்டதே இல்லீங்க!”

“புள்ள ஆசப்பட்டுச்சு” என்றாள் அம்மா. “வண்டி குடுக்குறதா இல்லங்க. வந்தது வந்தீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க.”

அவர் மோரைக் குடித்துவிட்டு, எதையோ நினைத்துத் தனக்குள் சிரித்தபடி போனார். ஏமாந்த சிரிப்பா, என்னைப் பார்த்து வந்த சிரிப்பா தெரியவில்லை. சித்தப்பா மட்டும் போகாமல் நின்றார். அம்மா அவரைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னாள். அதற்குப் பிறகு விதைப்பு முடிகிற வரைக்கும் அவர் தினமும் வந்து விதைக்கூடை சுமந்தார். வண்டியை விற்பது பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் ஓட்டித்தான் அவர் மனம் மாறியது என்று நான் முடிவுசெய்துகொண்டேன்.

எங்கள் காடு முடிந்தது. சோளமும் கடலையும் ஈரத்தில் விழுந்தன. ஆனால் மறுநாள் டாக்டரிடம் போகவில்லை. வண்டி சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, விட்டுப்போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் காட்டிலும் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் முடிந்ததும் இன்னும் இருவர். பள்ளிக்கூடத்து சிஸ்டர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். “வெதப்பு முடியட்டும் சிஸ்டர்” என்றாள் அம்மா. அந்த மாதம் அவள் எல்லோருக்கும் சொன்ன பதில் அதுதான். அப்பாவின் காலுக்கும் அதையேதான் சொன்னாள்.

எனக்கு அந்த ஐப்பசியைப் போல ஒரு மாதம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. உள்ளங்கால் கன்றிப்போய் ராத்திரியில் காந்தும். அம்மா விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். காலையில் எழுந்தால் எல்லாம் மறந்துவிடும். சில நாட்களில் ‘மிதி’, ‘விடு’ என்ற பேச்சுகூடத் தேவைப்படவில்லை. அப்பாவின் வலது கை கியரை நோக்கிப் போகும்போதே நான் கீழே இறங்குவேன். கை திரும்பினால் மேலே வருவேன். காட்டுக்காரர்கள் எனக்கும் தனியாக டீ வாங்கிக் கொடுத்தார்கள். “டிரைவரம்மா” என்றார்கள்.

ஒரு நாள் குழாயடியில் நின்று, “எங்கப்பாவ விட எனக்குத்தான் காலு பலம். அவரால முடியாததயே நான்தான் மிதிக்கிறேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் குடத்தோடு வந்த அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அது நான் பொய் சொன்னதற்காக என்று நினைத்தேன். சொன்னது உண்மைதானே என்று அன்று முழுக்க எனக்கு ஆற்றாமை.

அந்த மாதக் கடைசியில் பேகம்பூர் பாய், அம்மா சொல்லி அனுப்பவே இல்லையே என்று தானாகவே வந்தார். வண்டி உழுவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா அவரிடம் சொன்னதும் மொபெட்டை நிறுத்திவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நான் கீழ கெடந்து ‘மிதிச்சாச்சா’ன்னு கேட்டேன், அவரு ‘ஆச்சு’ன்னாரு. நம்பி கம்பியத் திருகிக்கிட்டு இருந்தேன் பாருங்க” என்றார். பிறகு, “எங்க வாப்பாவுக்கும் இப்பிடித்தாம்மா ஆரம்பிச்சுச்சு. சக்கர. தள்ளிப் போடாதீங்க” என்றார்.

சக்கரை என்றால் எனக்குத் தெரிந்தது டீயில் போடுவது. அது எப்படிக் காலுக்குள் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போனார்கள். அப்பாவும் அம்மாவும், கார்த்திகையில். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் பாதத்தின் அடியைப் பார்த்த டாக்டர், அங்கே ஒரு புண் இருப்பதைக் காட்டினார். எப்போது வந்தது என்று கேட்டதற்கு அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. முதலில் இரண்டு விரல்கள் போயின. அப்புறம் ஒரு வருஷம் கழித்து முழங்காலுக்குக் கீழே போயிற்று. நான் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. உழவு நாளில் வண்டிக்கு ஒரு இடது கால் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வருஷத்து வெள்ளாமையில்தான் அதற்கடுத்த வருஷம் வைத்தியம் பார்த்தோம். விதைப்பைத் தள்ளிப்போட்டிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று அம்மா யாரிடமும் கேட்டதில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை. விதைப்பின் கடைசி நாள்.

கடைசிக் காடு உழுது முடித்து, கலப்பையைத் தூக்கியாயிற்று. நல்ல வெளிச்சம் இருந்தது. சிறுமலை தெளிவாகத் தெரிந்தது. அம்மாவும் சித்தப்பாவும் சாக்குகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, மக்காடைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் தரையில் வைத்து மெதுவாக இறங்கினார். இடது கால் தரையைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு சீட்டிலிருந்த மண்ணைத் துண்டால் தட்டினார்.

“ஏறி ஒக்காரு ஆத்தா” என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. சாமியாருக்குக் கிடைக்காத சீட்டு! தூரத்திலிருந்து சித்தப்பா சாக்கைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்க்கவில்லை. குனிந்து சாக்கைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன். இரும்புச் சீட்டு இன்னும் சூடாக இருந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். அப்பா கீழே நின்று, சட்டைக்கு அளவெடுக்கிறவர் மாதிரி என் கால்களையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காலை நீட்டினேன். இன்னும் நீட்டினேன். சீட்டின் நுனிக்கு வந்து நீட்டியும் பெடலுக்கு ஒரு சாண் இருந்தது.

“எட்டலப்பா” என்றேன்.

“எனக்குந்தான் எட்டல” என்றார் அப்பா.

ஊரிலேயே அவர்தான் நெட்டை. நிலைப்படியில் குனியாமல் நுழைய மாட்டார். அவருக்குக் கால் எட்டவில்லையாம்! சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வயிறு வலிக்கிற வரைக்கும் நான் சிரித்தேன்.